ஆலத்தியூரில் ஆண்டு எப்போது முடிகிறது?

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கிறது ஆலத்தியூர். அங்கே ஓர் ஆண்டு எப்போது முடிகிறது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். 1997-ல் அங்கு உற்பத்தியைத் தொடங்கிய சிமென்ட் ஆலையின் கணக்குப் பிரிவுக்கு ஆண்டு முடிவது மார்ச் 31. கிராம நிர்வாக அலுவலருக்கு ஜூன் 30. அவருடைய பதிவேட்டில் ஓடுவது பசலி ஆண்டு. செம்மண் காட்டில் முந்திரி வைத்திருப்பவருக்குக் கடைசிக் கொட்டையைப் பொறுக்கி எடை போட்டுக் கொடுக்கும் வைகாசி. மானாவாரியில் மக்காச்சோளமோ பருத்தியோ போட்டவருக்குத் தை, மாசி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முழுப் பரீட்சை முடிகிற நாள். ஆனால் ‘போன வருஷம் எப்படிப் போச்சு, இந்த வருஷம் என்ன செய்யணும்’ என்று உட்கார்ந்து யோசிப்பதற்கு மட்டும் இவர்கள் எல்லாரும், நம்மைப் போலவே, ஜனவரி 1-ஐத்தான் தேடிப் போகிறார்கள்.

ஜனவரி 1-க்கு வானத்தில் எந்த அடையாளமும் இல்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் இங்கே தொடக்கம் என்று எழுதி வைக்கப்படவில்லை. அந்தப் பாதையில் இயற்கையாக அடையாளம் காட்டக்கூடியவை சில இடங்கள்தாம்: பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாட்கள், பகல் மிக நீண்டும் மிகக் குறுகியும் இருக்கும் இரண்டு நாட்கள், பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் நாள், மிகத் தொலைவில் போகும் நாள். மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில் நடக்கிறது, அது தற்செயல். சித்திரை 1-க்காவது ஒரு கணக்கு உண்டு. விண்மீன்களின் பின்னணியில் சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாள் அது. ஆனால் விண்மீன்களை வைத்து அளக்கும் ஆண்டு, பருவங்களை வைத்து அளக்கும் ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளமானது. அதனால் சித்திரை 1 சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவங்களை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

மற்ற தொடக்கங்களெல்லாம் மனிதர் தம் வசதிக்கு வைத்துக்கொண்டவை. பசலி ஆண்டு அக்பர் காலத்து ஏற்பாடு. ஹிஜ்ரி ஆண்டு நிலவை வைத்து ஓடுவதால் சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு. அதை நம்பி நிலவரி வசூலித்தால் சில ஆண்டுகளிலேயே அறுவடைக்கு முன்பே வரி கேட்க வேண்டி வரும். அதனால் அறுவடையோடு ஒட்டிய ஓர் ஆண்டு தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் பசலி ஆண்டு முதலில் ஆடி முதல் தேதியில் தொடங்கியது. 1855-ல் அதை ஜூலை 1-க்கு மாற்றினார்கள். ஏப்ரல் 1-ல் தொடங்கும் நிதியாண்டு இந்தியாவுக்கு வந்தது 1867-ல். தமிழ்ப் புத்தாண்டு 2008-ல் சட்டப்படி தைக்குப் போய் 2011-ல் சித்திரைக்கே திரும்பியது. அரியலூர் மாவட்டமே 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து பிரிந்து பிறந்தது. அடுத்த ஆண்டே, 2002 மார்ச் 31-ல், மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. கடைசியில் நிலைத்து நின்ற பிரிவினை நடந்தது 2007 நவம்பர் 23-ல். புத்தாண்டு நாளில் தொடங்கிய காரியம் கலைந்து, ஒரு சாதாரண நவம்பர் வெள்ளிக்கிழமையில் தொடங்கியது நிலைத்துவிட்டது. இதிலிருந்து ஒன்றும் நிரூபணமாகாது என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை.

எல்லை செயற்கையானது என்பதால் அதற்குச் சக்தி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2014-ல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மூன்று வகைத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ‘டயட்’ என்ற சொல்லை மக்கள் கூகுளில் தேடும் நாட்கள், ஒரு பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாணவர்கள் வரும் நாட்கள், ஓர் இணையதளத்தில் ‘இதை நான் செய்து முடிப்பேன்’ என்று ஒப்பந்தம் போடும் நாட்கள். மூன்றுமே வாரத்தின் தொடக்கத்தில், மாதத்தின் தொடக்கத்தில், ஆண்டின் தொடக்கத்தில் ஏறின. கல்லூரிப் பருவம் தொடங்கும்போதும் பிறந்தநாளுக்குப் பிறகும் ஏற்றம் இருந்தது. (21-ஆம் பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் சட்டப்படி மது அருந்தத் தொடங்கும் வயது அது.) அவர்கள் தரும் விளக்கம் எளிமையானது. இப்படிப்பட்ட நாட்கள் காலத்தை இரண்டாக வெட்டுகின்றன. சறுக்கியவன் அந்தப் பக்கத்து ஆள், நான் இந்தப் பக்கத்து ஆள் என்று மனம் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது.

தீர்மானம் எடுப்பதால் பயன் உண்டா என்பதற்கும் எண்கள் இருக்கின்றன. ஜான் நார்கிராஸ் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் அதில் நின்றார்கள். அதே மாற்றத்தை விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களில் நின்றவர்கள் 4 சதவீதம். ‘புத்தாண்டுத் தீர்மானமெல்லாம் பொங்கல் வரைக்கும்தான்’ என்று கேலி பேசுகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிப்பதில்லை. அதே நார்கிராஸ் முன்பு செய்த இன்னோர் ஆய்வு கேலிக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. முதல் வாரத்தில் 77 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து 19 சதவீதம்.

ஆகத் தொடங்குவதற்கு நாள் உதவுகிறது. எனக்குள்ள சந்தேகமெல்லாம் திரும்பிப் பார்ப்பதற்கு அந்த நாள் ஏற்றதா என்பதுதான். ஜனவரி 1 அன்று செந்துறைப் பக்கத்துக் காடுகளைப் பார்த்தால் விளங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். பருத்தியில் காய் இருக்கும், முழுதாக வெடித்திருக்காது. முந்திரி பூவெடுக்கும் பருவம் அப்போதுதான் தொடங்கும். செலவெல்லாம் ஆகிவிட்டது, வரவு இன்னும் வரவில்லை. அந்த நாளில் ‘இந்த வருஷம் எப்படி?’ என்று கேட்டால் பாதி ஆட்டத்தில் முடிவைக் கேட்பதாகத்தான் இருக்கும். சம்பளக்காரருக்கும் இது பொருந்தும். பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், உடல்நலம் எதுவுமே டிசம்பரில் முடிவதில்லை.

எந்த நாளில் உட்கார்ந்தாலும் இன்னொரு சிக்கல் கூடவே வரும். நாம் திரும்பிப் பார்ப்பது ஆண்டை அல்ல, ஆண்டைப் பற்றிய நினைவை. 1993-ல் டேனியல் கானெமனும் அவருடைய சகாக்களும் செய்த குளிர்நீர்ச் சோதனை இதற்குப் புகழ்பெற்ற சான்று. சோதனைக்கு வந்தவர்கள் ஒரு கையை 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் வைத்திருந்தார்கள். இன்னொரு முறை மற்றக் கையை அதே ஒரு நிமிடம் வைத்து, எடுக்காமல் மேலும் 30 விநாடி நீட்டினார்கள். அந்த 30 விநாடியில் நீர் மெல்ல 15 டிகிரிக்குச் சூடேறியது. அப்போதும் கை வலிக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக. மூன்றாம் முறை எதைச் செய்யலாம் என்று கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நீண்ட வலியையே தேர்ந்தெடுத்தார்கள். நினைவு மொத்தத்தையும் கூட்டிப் பார்ப்பதில்லை. மிக உச்சமான கணத்தையும் கடைசிக் கணத்தையும் எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை ஏறக்குறைய விட்டுவிடுகிறது.

ஓர் ஊருக்கும் இது நடக்கும். 1956 என்றதும் அரியலூர்க்காரர்களுக்கும், அரியலூரையே பார்த்திராத வடநாட்டினருக்கும்கூட நினைவுக்கு வருவது ஒன்றுதான். நவம்பர் 23 விடியற்காலையில் வெள்ளம் பெருகிய மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது. அந்த ஆண்டின் மற்ற 365 நாட்களும் (அது லீப் ஆண்டு) அந்த ஒரு விடியலின் நிழலில் கிடக்கின்றன. நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் உருவானதைக்கூடச் சொல்லி நினைவூட்ட வேண்டியிருக்கிறது. துயரம் அவ்வளவு பெரியது, அதனால் நியாயம்தான். ஆனால் தனிமனிதர் வாழ்க்கையில் இதைவிடச் சின்ன உச்சங்கள் இதே வேலையைச் செய்கின்றன. நவம்பரில் ஒரு சண்டை, டிசம்பரில் ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். ‘சனியன் பிடிச்ச வருஷம்’ என்று முத்திரை விழுந்துவிடும். பங்குனி வாக்கில் நன்றாகப் போன ஆறு வாரம் கணக்கிலேயே வராது.

மூன்றாவது கோளாறு எல்லார் வாயிலும் அடிபடுவது: ‘எனக்கு அப்பவே தெரியும்.’ 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீகிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்கும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று பாரூக் ஃபிஷ்ஹாஃப்பும் ரூத் பேத்தும் இஸ்ரேல் மாணவர்களிடம் கேட்டு எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு என்ன சதவீதம் போட்டோம் என்று நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். நடந்துவிட்ட நிகழ்ச்சிகளுக்குத் தாம் முன்பே கூடுதல் வாய்ப்புத் தந்ததாகப் பெரும்பாலோர் எழுதினார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை; விடை தெரிந்த மனத்துக்குத் தெரியாதிருந்த நிலை திரும்பக் கிடைப்பதில்லை. விளைவு என்னவென்றால், ஆண்டு முடிவில் நாம் பாடம் கற்பதே இல்லை. எதையும் எதிர்பார்க்கத் தவறவில்லை என்று நம்புகிறவருக்குத் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது?

நினைவை நம்பினால் என்ன ஆகும், பதிவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் மண்ணிலேயே ஒரு கதை இருக்கிறது. கல்லமேட்டுப் பக்கம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் பேருருவ விலங்கொன்றின் எலும்புகளைக் கண்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர் நீளம். அதற்கு ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்து 1980-களின் பிற்பகுதியில் கட்டுரை வெளியிட்டார்கள். இரைதின்னி என்றுதான் முதலில் வகைப்படுத்தப்பட்டது. 1995-ல் நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்று திருத்தப்பட்டது. உலகில் நடமாடிய தரைவிலங்குகளில் மிகப் பெரியது இதுவாக இருக்கலாம் என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் எலும்புகள் மிகவும் நொய்ந்தவை. முறையாகப் பாதுகாக்கும் முன்பே பொடிந்து போய்விட்டன. கட்டுரையில் இருந்தவை கோட்டுப் படங்கள் மட்டுமே.

எலும்பும் இல்லை, ஒளிப்படமும் இல்லை என்றால் அறிவியல் உலகம் என்ன செய்யும்? சந்தேகப்படும். அது எலும்பே இல்லை, கல்லாய்ச் சமைந்த மரத்துண்டு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னதில் முழுத் தவறும் இல்லை. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமே கிடக்கிறது. 2022-ல் சௌரப் பாலும் அய்யாசாமியும் களத்தில் அன்று எடுத்த பழைய ஒளிப்படங்களை வெளியிட்டார்கள். மண்ணில் கிடந்த நிலையில் எலும்புகள் அதில் தெரிந்தன. மரக்கட்டைப் பேச்சு பெரும்பாலும் அடங்கியது. அடுத்த ஆண்டே அந்த விலங்கின் எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடும் வந்தது. கண்டவர்களின் சொல்லால் முப்பது ஆண்டாக நகராத விவாதம், அன்று களத்தில் எடுத்த படத்தால் நகர்ந்தது.

அன்றன்றைக்கே எழுதப்பட்ட பதிவு என்றால் இந்தப் பகுதிச் சுண்ணாம்புக் கல்லை மிஞ்ச எதுவும் இல்லை. அரியலூர்ப் படிவங்களில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டுப் பழமை உடையது. அப்போது இங்கே கடல். கைப்பிடி கொள்ளாத அளவுக்குத் தடித்த ஓடுள்ள கிரைஃபியா சிப்பிகள் திட்டுத் திட்டாகக் குவிந்து கல்லாகியிருக்கின்றன. இன்று அந்தக் கல் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, 1450 டிகிரி வெப்பத்தில் சூளைக்குள் உருண்டு கிளிங்கராகி, சிமென்டாகி, நம் வீட்டுச் சுவருக்கு வருகிறது.

சிப்பி தன் ஓட்டை அடுக்கடுக்காக வளர்க்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் இன்றைய ஓமன் பகுதிக் கடலில் வாழ்ந்த ‘டோரெய்ட்டஸ்’ என்ற இருவோட்டு உயிரியின் ஓட்டை நீல்ஸ் டி விண்டரும் சகாக்களும் லேசர் கொண்டு ஆராய்ந்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு. அந்த அடுக்குக்குள்ளேயே நாலைந்து இடங்களில் வேதிப்பொருள்களை அளக்க முடிந்தது. கோடையும் குளிரும் மாறி மாறி வரும் சுழற்சி ஒன்றுக்குள் எத்தனை அடுக்கு என்று எண்ணினார்கள்: 372. ஆண்டின் நீளம் அன்றும் இன்றும் ஒன்றுதான். நாள்தான் சிறியது, ஏறக்குறைய 23 மணி 30 நிமிடம். நிலவு எழுப்பும் கடல் ஓதம் பூமியின் சுழற்சிக்குத் தடை போட்டுக்கொண்டே இருப்பதால் நாள் மெல்ல நீண்டு 24 மணியாகியிருக்கிறது. நிலவும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் விலகிப் போகிறது. 1963-லேயே ஜான் வெல்ஸ் இன்னும் பழைய பவளங்களில் கோடுகளை எண்ணி, ஆண்டுக்குச் சுமார் 400 நாள் இருந்த காலத்தைக் காட்டியிருந்தார்.

இந்தப் பதிவின் சிறப்பு துல்லியம் மட்டும் இல்லை. சிப்பிக்கு நல்ல நாள், கெட்ட நாள் என்ற தேர்வு கிடையாது. புயல் வந்த நாளுக்கும் சும்மா போன நாளுக்கும் ஒவ்வோர் அடுக்கு. வெப்பமோ உணவுக் குறைவோ தாங்காமல் பல சிப்பியினங்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதும் உண்டு. நின்ற இடமும் ஒரு கோடாகப் பதிந்துவிடும். கானெமன் காட்டிய நினைவின் குறை இதில் இல்லை.

மனிதர்களிடத்தில் இதற்குச் சற்றே பக்கத்தில் வருவது, வேடிக்கையாகத் தோன்றினாலும், வருவாய்த் துறையின் ஜமாபந்திதான். வருவாய்த் தீர்வாயம் என்று அரசாணைத் தமிழில் சொல்வார்கள். பசலி ஆண்டு முடியும் தறுவாயில், மே, ஜூன் வாக்கில், வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும். ஊர் ஊராகக் கிராமக் கணக்குகள் வந்து சேரும்: அடங்கல், சிட்டா, அ-பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு. அடங்கல் என்பது எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பில், எப்போது என்று மாதாமாதம் வயலைப் பார்த்து எழுத வேண்டிய கணக்கு. ஜமாபந்தி அலுவலர் அவற்றைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடுவார். பட்டா மாறுதல் முதல் முதியோர் உதவித்தொகை வரை மனுக்கள் குவியும். கடைசி நாளில் குடிகள் மாநாடு. எல்லா ஊரிலும் அடங்கலை மாதாமாதம் வயலுக்குப் போய்த்தான் எழுதினார்களா என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். ஏற்பாடு என்ற அளவில் அது உளவியலாளர்கள் மெச்சும் ஏற்பாடு.

அதிலும் ஒரு சடங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஜமாபந்தியில் கணக்குகளோடு நில அளவைச் சங்கிலி முதலான கருவிகளையும் அலுவலர் சோதிப்பார். சங்கிலி நீண்டிருந்தால் அதை வைத்து அளந்த நிலமெல்லாம் பிழை. ஆண்டைத் திரும்பிப் பார்க்கிற நாமும் அளவுகோலைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அந்த அளவுகோல் நம் நினைவு, அது எந்தப் பக்கம் நீளும் என்பது மேலே சொன்ன சோதனைகளில் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சிப்பி ஓட்டைப் போலத் தானாகச் சேர்ந்த பதிவுகள் கொஞ்சம் இருக்கின்றன: வங்கிப் பாஸ்புக், மின்கட்டண அட்டை, மருந்துச் சீட்டுகள், பால் கணக்கு, கைபேசியில் தேதியோடு கிடக்கும் படங்கள். டிசம்பரிலிருந்து பின்னோக்கிப் போகாமல், மாதத்துக்கு ஒரு நாள் என்று முன்பே வகுத்துக்கொண்டு, எல்லா மாதங்களின் 15-ஆம் தேதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால்கூடப் போதும். உச்சங்களைத் தேடிப் போகும் பழக்கத்துக்கு அது தடை போடும். ‘இந்த வருஷம் மருத்துவமனையே கதி’ என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு எல்லாச் சீட்டும் ஒரே மாதத்துக்குரியவை என்று தெரியவரலாம். நேர்மாறாகவும் தெரியவரலாம்.

இனி வரும் ஆண்டு.

ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்ஸரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகவிருந்த மாணவர்களிடம் ஒரு வேலை தந்தார்கள். கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்ப எல்லாருக்குமே விருப்பம் இருந்தது. ஒரு பாதியினரிடம் மட்டும், எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்து வாங்கினார்கள். குறித்தவர்களில் 71 சதவீதம் பேர் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் 32 சதவீதம். 2002-ல் பிரிட்டனில் உடற்பயிற்சி பற்றி நடந்த ஆய்வில் வித்தியாசம் இன்னும் பெரியது: எங்கே, எப்போது என்று எழுதி வைத்தவர்களில் 91 சதவீதம், எழுதாதவர்களில் 40-க்கும் குறைவு. மனவுறுதி இரு சாராருக்கும் ஒன்றுபோல்தான் இருந்தது. வித்தியாசம், ‘இன்னது வரும்போது இன்னது செய்வேன்’ என்று ஓர் அடையாளத்தோடு செயலை முடிச்சுப் போட்டு வைத்ததில். அடையாளம் கண்ணில் பட்டதும் செயல் பின்னாலேயே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் செய்வோமா வேண்டாமா என்ற விவாதம் மனத்தில் நடப்பதில்லை.

மானாவாரி விவசாயிக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தேதியும் அடையாளமும் சேர்ந்த கட்டளை. ஆடி பிறந்துவிட்டது என்பதற்காக யாரும் காய்ந்த மண்ணில் விதையைக் கொட்டுவதில்லை. ஓர் உழவு மழை பெய்யட்டும் என்று காத்திருப்பார்கள்; பெய்தால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடாது, மறுநாளே ஏர் இறங்கும். ‘இந்த ஆண்டு நன்றாக விவசாயம் செய்வேன்’ என்று எவரும் தீர்மானம் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. நகரத்து ஆட்கள்தாம் ‘இந்த வருஷம் உடம்பைப் பார்த்துக்கணும்’ என்று மழையும் இல்லாத, பட்டமும் இல்லாத தீர்மானம் போடுகிறோம்.

சிமென்ட் ஆலைகளிலும் இதே முறைதான். சூளையின் உட்சுவரில் வெப்பந்தாங்கும் செங்கல் பதித்திருப்பார்கள். ஓடுகிற சூளையின் வெளித்தகட்டு வெப்பத்தை ஸ்கேனர் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும். ஏதாவது ஓரிடத்தில் சூடு கூடினால் உள்ளே செங்கல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஷட்டவுனுக்கு ஆண்டுத் திட்டம் ஒன்று இருந்தாலும் செங்கல் சொல்வதற்கு முன்னால் அந்தத் திட்டம் நிற்காது.

எத்தனை நாளில் பழக்கமாகும் என்ற கேள்விக்கு ‘21 நாள்’ என்ற பதில் எல்லா மேடைகளிலும் உலவுகிறது. அதை விட்டுவிடலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வீச்சு. சாப்பாட்டோடு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது; உடற்பயிற்சி நாள் எடுத்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்றும் அவர்கள் கண்டார்கள். இந்தக் கடைசி முடிவைத்தான் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். தீர்மானங்களைக் கொல்வது விட்டுப்போன அந்த ஒரு நாள் இல்லை. ‘போச்சு, இனி அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்று அதற்கு மறுநாள் எடுக்கிற முடிவு.

சுவீடனில் 1,066 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்விலிருந்து இன்னொரு துணுக்கு. ‘இதை விடுவேன்’ என்று தீர்மானித்தவர்களில் 47 சதவீதம் பேர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ‘இதைச் செய்வேன்’ என்று தீர்மானித்தவர்களில் 59 சதவீதம். சீனி போட்ட டீயை விடுவதைவிடச் சீனியில்லா டீ கேட்பது சுலபம் போலும்.

எதிர்காலத்தை மதிப்பிடும்போது நாம் ஒரே பக்கமாகத் தவறுகிறோம். கனடாவில் ரோஜர் பியூலர் குழு 1994-ல் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். அவர்கள் நினைத்துப் பார்த்த மிக மோசமான நிலையைவிட உண்மை நீளமாக இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை நீட்டிப் பார்ப்பதும் இதே குடும்பத்துப் பிழைதான். 2015 டிசம்பர் 31 அன்று தமிழ்நாட்டில் நின்று அடுத்த ஆண்டைத் திட்டமிட்ட யாருக்கும் மனத்தில் வெள்ளம்தான் இருந்திருக்கும். அந்த வடகிழக்குப் பருவத்தில் மழை இயல்பைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். அடுத்த வடகிழக்குப் பருவத்தில், 2016-ல், மழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. வரப்பை உயர்த்துவதா, கிணற்றை ஆழப்படுத்துவதா என்று அந்த டிசம்பரில் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது தெரிந்ததே.

அதனால் ஒற்றைத் திட்டம் போதாது. ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் பெரும்பாலான வேளாண் மாவட்டங்களுக்கு ‘மாற்றுப் பயிர்த் திட்டம்’ ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதில் ஆண்டு எப்படி இருக்கும் என்ற ஆரூடம் கிடையாது. பருவமழை இரண்டு வாரம் தாமதித்தால் என்ன செய்வது, நான்கு வாரம் என்றால், ஆறு வாரம், எட்டு வாரம் என்றால் என்ன செய்வது என்று வரிசையாக அட்டவணைகள். எந்த மண்ணில், வழக்கமாக எந்தப் பயிர், அதற்குப் பதில் எந்தக் குறுகிய வயதுப் பயிர் அல்லது ரகம். விதைத்த பிறகு மழை பொய்த்தால் களையெடுப்பா, இடைவெளி நிரப்பலா, மறுவிதைப்பா. பூக்கும்போது வறட்சி வந்தால் தனி வரி. அறுவடையில் வெள்ளம் வந்தால் தனி வரி. கோல்விட்ஸரின் மாணவர்கள் ஒரு வரியில் எழுதியதைத்தான் இவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ‘காலையில் ஆறு மணிக்கு நடப்பேன்’ என்று எழுதுகிற நோட்டில் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடலாம்: மழை பெய்தால் எங்கே நடப்பது, ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் எந்தக் கிழமை மறுபடி தொடங்குவது.